இரண்டு ஜாக்சன் துரைகள்

ஜாக்சன் துரை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்? வெள்ளைக்காரத் தமிழில் வரி கேட்ட சி.ஆர்.பார்த்திபன்தானே? எனக்கும் அவர்தான். 1959-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை முழுசாகப் பார்க்காதவர்கள்கூட அந்த ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு வசனம் பேசாத பையன் நெல்லைச் சீமையில் உண்டா என்ன? அந்த மேடைகளில் கட்டபொம்மன் வேஷத்துக்கு அடிதடி நடக்கும். ஜாக்சன் வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. கடைசியில் கொஞ்சம் சிவப்பாக இருக்கிற அப்பாவி யாராவது மாட்டுவான்.

இன்னொரு ஜாக்சன் இருக்கிறார். ஆண்ட்ரூ ஜாக்சன். அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதி. இருபது டாலர் நோட்டில் முகம் இருக்கிறதே, அவரேதான். இரண்டு பேருக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர உறவு ஏதும் இல்லை. ஆனால், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நம்ம ஊர் சரித்திரப் புத்தகங்களில் உள்ள ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. இந்த வாரம் அந்த ஓட்டையைப் பற்றித்தான்.

புத்தகக் காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க வரலாறு ஒரு அலமாரியில் இருக்கும். பாஸ்டன் தேநீர், வாஷிங்டன், லிங்கன், உள்நாட்டுப் போர், அப்புறம் ஹிரோஷிமா, வியட்நாம், ஈராக் என்று ஓடும். பாளையக்காரர் வரலாறு எதிர் அலமாரியில். பூலித்தேவர், கட்டபொம்மன், மருது சகோதரர்கள். இரண்டு அலமாரியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. அங்கே நடந்தது உலக சரித்திரம், இங்கே நடந்தது உள்ளூர் வீரம் என்று எப்படியோ பங்கு பிரித்துவிட்டோம். நடந்தது என்னவோ ஒரே சண்டையின் இரண்டு முனைகள்.

தென்காசியிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுங்கள். கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று கண்டக்டர் கூவிக்கொண்டே வருவார். நமக்கு அது ஸ்டாப்பிங் லிஸ்ட். பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினி அதிகாரிகளுக்கு அது கிட்டத்தட்ட போர்க்கள லிஸ்ட். அதில் பாதிப் பெயர்கள் பாளையங்கள். சாலையிலிருந்து கிழக்கே கொஞ்சம் விலகினால் நெற்கட்டும்செவல். பூலித்தேவரின் ஊர். 'நெல் கட்டமாட்டேன்' என்று அவர் சொன்னதால் அது நெற்கட்டான்செவல் ஆயிற்று என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு எழுத்தை மாற்றி வரியை மறுத்த ஊர். பாஸ்டன்காரர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது 1773-ல். அதுவும் இதே கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலைதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1755-க்குப் போவோம். ஆற்காடு நவாபுக்கு வரி வசூலித்துக் கொடுக்க, அவருடைய அண்ணன் மாபூஸ்கானோடு கர்னல் ஹெரான் என்ற வெள்ளைக்காரர் தெற்கே வருகிறார். நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் நின்று இருபதாயிரம் ரூபாய் கேட்கிறார். ஹெரானிடம் கோட்டையை உடைக்கிற பெரிய பீரங்கி இல்லை, படையிடம் சாப்பாடும் இல்லை. இது பூலித்தேவருக்குத் தெரியும். 'தரமாட்டேன்' என்றார். ஹெரான் திரும்பிப் போனார். வரும் வழியில் மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடி கோயிலின் சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பாவத்துக்கு, மே மாதக் கடைசியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்து அடித்தார்கள். சென்னை போய்ச் சேர்ந்த ஹெரானை ராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையை விட்டே அனுப்பியது.

இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 9, 1755. அமெரிக்காவில் பென்சில்வேனியா காட்டுக்குள் ஜெனரல் பிராடக் என்ற இன்னொரு வெள்ளைக்காரர் வரிசையாக நடத்திக்கொண்டு போன படையை, மரங்களுக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் செவ்விந்தியர்களும் சுட்டுத் தள்ளினார்கள். பிராடக் செத்துப் போனார். கூடவே இருந்து பிழைத்து வந்த இளைஞர் ஒருவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். பிரிட்டிஷ் படை காட்டுச் சண்டையில் தோற்கும் என்ற பாடம் ஒரே கோடையில் இரண்டு கண்டங்களில் நடத்தப்பட்டது. ஒன்று உலகத்துக்கே தெரியும். மற்றொன்று நத்தம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கே தெரியாது.

அதற்கு முந்தைய வருஷம், 1754 மே மாதம், பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் ஒரு கார்ட்டூன் போட்டார். துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பு. அந்தத் துண்டுகள்தான் காலனிகள். சேருங்கள், இல்லையென்றால் சாவீர்கள் என்பது சேதி. அப்போது காலனிகள் சேரவில்லை. அவர் கொண்டுபோன ஆல்பனி திட்டத்தை ஒருவரும் ஏற்கவில்லை. சேர்வதற்கு இன்னும் இருபது வருஷம் பிடித்தது. அதே சமயத்தில் பூலித்தேவர் செய்ய முயன்றதும் அதுதான். மேற்குப் பாளையங்களைச் சேர்த்து ஒரு கூட்டணி. திருவிதாங்கூரோடு ஒரு உடன்பாடு. கிழக்குப் பாளையங்கள் வரவில்லை. அவர்கள் நாயக்கர்கள், இவர்கள் மறவர்கள். இவருக்கு ஓவியம் வரைய பத்திரிகை இல்லை. அதனால் இந்தக் கூட்டணி முயற்சி நம் ஞாபகத்திலும் இல்லை.

பூலித்தேவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எதிராளி எழுதியது. ராபர்ட் ஓர்ம் என்ற கும்பினி சரித்திரக்காரர் எழுதியதை எடுத்துத் திருத்தி விரித்து, 1881-ல் பிஷப் கால்டுவெல் திருநெல்வேலி சரித்திரத்தை எழுதினார். நெல்லைக்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்கவேண்டிய புத்தகம். ஓர்ம் 'நெல்லித்தங்கவில்' என்கிற மாதிரி எதையோ எழுதிவைத்திருப்பார். எந்த ஊர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கால்டுவெல் இடையன்குடியில் பல வருஷம் இருந்து, வெயிலில் நடந்து, தமிழும் தெரிந்தவர். அது நெற்கட்டும்செவல்தான் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். ஊர்ப் பெயர், தூரம், யார் யாருக்கு வாரிசு எல்லாவற்றிலும் மனிதர் கில்லாடி.

குறை வேறு இடத்தில். கும்பினி ஆட்சி வந்தது நாட்டுக்கு நல்லது என்பது அவருடைய தீர்ப்பு. அதை மறைக்கவும் இல்லை. பாளையக்காரர் காலம் என்றால் கொள்ளையும் குழப்பமும், அதற்குப் பின் அமைதி. இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாளையக்காரர்கள் காவல் கூலி என்ற பெயரில் குடியானவனிடம் வாங்கியது சும்மா இல்லை. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றே தலைப்பில் அடித்துத் தமிழ்வாணன் புத்தகம் போட்டதெல்லாம் இந்தச் சரடைப் பிடித்துத்தான். என் சண்டை அதுவல்ல. கால்டுவெல்லின் கேமரா ஜில்லா எல்லையைத் தாண்டுவதே அபூர்வம். ஏன் திடீரென்று இங்கே படை வந்தது, ஏன் திடீரென்று போனது என்பதற்கான காரணம் பல சமயம் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

உதாரணம் 1783. கர்னல் புல்லர்ட்டன் பாய்ந்து வந்து பாஞ்சாலங்குறிச்சியைப் பிடிக்கிறார். வீரபாண்டியனுக்கு முந்தைய கட்டபொம்மன் அப்போது ஊரில் இல்லை. எங்கே போயிருந்தார் தெரியுமா? சொக்கம்பட்டிப் பாளையத்தை முற்றுகை போட! கோட்டைக்குள்ளே புல்லர்ட்டனுக்கு டச்சுக்காரர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் கிடைக்கிறது. கால்டுவெல் இதையெல்லாம் சொல்கிறார். டச்சுக்காரன் ஏன் கரிசல் காட்டுப் பாளையக்காரரோடு ஒப்பந்தம் போட்டான்? ஏனென்றால் 1780 டிசம்பரில் இங்கிலாந்து ஹாலந்து மேல் போர் அறிவித்துவிட்டது. அதற்குப் பெரிய காரணம், அமெரிக்கப் புரட்சிக்காரர்களோடு டச்சு வியாபாரிகள் செய்த வியாபாரம். அந்தச் சண்டையில் தூத்துக்குடி டச்சுக்காரர் கையைவிட்டுப் போனது. அவர்கள் துணை தேடினார்கள். ஆக, வாஷிங்டனுக்கு யாரோ வெடிமருந்து விற்ற கணக்கு, பாஞ்சாலங்குறிச்சிப் பெட்டிக்குள் காகிதமாகக் கிடந்தது.

இன்னும் கேளுங்கள். 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்தது. பதிலுக்கு ஆங்கிலேயர் 1779-ல் மாஹியைப் பிடித்தார்கள். ஹைதர் அலி பொங்கி எழுந்து 1780-ல் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். அமெரிக்கர்களுக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம். 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க் கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கப்பல் ஆங்கிலேயரின் போர்க் கப்பல் ஒன்றைப் பிடித்தும் காட்டியது. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று பல சரித்திரக்காரர்கள் சொல்வது எங்கே நடந்தது? நம்ம கடலூரில். 1783 ஜூன் 20. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் கப்பலோடு கப்பல் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. சேதி கடலூருக்கு வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு பக்கமும் எத்தனையோ பேர் செத்துப் போனார்கள். தபால் தாமதம்.

இதையெல்லாம் சொல்லாமல் 'கும்பினியார் வந்தனர், வென்றனர்' என்று எழுதினால், படிக்கிற பையன் என்ன நினைப்பான்? வெள்ளைக்காரன் என்பவன் ஒரு இயற்கைச் சீற்றம், புயல் மாதிரி வந்தான் என்றுதானே நினைப்பான்?

இப்போது நம் ஜாக்சனிடம் வரலாம். அவரை இங்கே அனுப்பிய ஏற்பாட்டுக்கும் ஒரு அமெரிக்கத் தொப்புள்கொடி உண்டு. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ். சரணடைகிற சடங்குக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி உதவியாளரை அனுப்பிவைத்த புண்ணியவான். தோற்றவருக்குத் தண்டனை என்ன தெரியுமா? 1786-ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல் பதவி! இங்கே வந்து திப்புவைத் தோற்கடித்தார். 1792-ல் ஆற்காடு நவாபோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அதன்படி பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்ற கப்பத்தை இனி நவாப் வசூலிக்கமாட்டார், கும்பினியே நேரடியாக வசூலிக்கும். கட்டபொம்மனின் வாசலுக்கு கலெக்டர் வந்தது அந்த ஒரு ஷரத்தால். அமெரிக்காவை இழந்தவர், போட்ட முதலை இங்கே எடுக்க வழி செய்துவிட்டுப் போனார்.

1798 ஆகஸ்ட். கப்ப பாக்கி சம்பந்தமாக வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்குக் கடிதம் எழுதுகிறார் கலெக்டர் காலின் ஜாக்சன். எழுதிவிட்டு சுற்றுப்பயணம் கிளம்பிவிடுகிறார். முதலில் எங்கே? குற்றாலம்! ஆகஸ்ட் மாதம், சாரல், ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற நேரம். ஆபீசர்கள் சீசனுக்கு டூர் புரோகிராம் போடுவது இன்று நேற்றா ஆரம்பித்தது? கட்டபொம்மன் பரிவாரத்தோடு குற்றாலம் வந்து நிற்கிறார். 'இங்கே பார்க்க முடியாது' என்று பதில். சொக்கம்பட்டி வந்தார்கள், இல்லை. சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டர் முன்னால் போக, பாளையக்காரர் பின்னால் போனார். 23 நாள். ஏறத்தாழ 400 மைல். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் தரிசனம்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் படத்தின் மேல் மனத்தாங்கல். சிவாஜி, சக்தி கிருஷ்ணசாமியின் வசனம், ம.பொ.சி.யின் உழைப்பு. எதையும் குறை சொல்ல மாட்டேன். 1960-ல் கெய்ரோ விழாவில் சிவாஜிக்கு சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம். ஆனால், அதில் ராமநாதபுரத்துப் பத்து நிமிஷம் மலையாக நிற்க, அதற்கு முந்தைய 23 நாளின் கனம் பார்க்கிறவன் மேல் இறங்கவே இல்லை. கர்ஜனை மட்டும் மனதில் நிற்கிறது. உண்மையில் ஏகாதிபத்தியம் வேலை செய்த விதம் அந்த 23 நாளில்தான் இருக்கிறது. அடிக்கவில்லை, சுடவில்லை. காக்க வைத்தது. அலைய வைத்தது. 'நாளைக்கு வா, அடுத்த ஊருக்கு வா.' தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒரு சான்றிதழுக்காக நின்றவன் எவனுக்கும் இந்தக் கட்டபொம்மனைப் புரியும். வசனம் பேசுகிற கட்டபொம்மனைவிட இவரோடு நமக்கு நெருக்கம் அதிகம்.

படம் சொல்லாத இன்னொரு விஷயம். ராமநாதபுரத்துக் கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் செத்துப் போனார். கட்டபொம்மனின் காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சென்னை அரசு விசாரணைக் குழு போட்டது. முடிவு? ஜாக்சன் பதவி இழந்தார். ஆமாம், கும்பினியே தன் கலெக்டரை நீக்கியது. 'அப்ப நியாயம் கிடைச்சுதே' என்று சந்தோஷப்பட்டால், அடுத்த வருஷம் அதே கும்பினி மேஜர் பானர்மேனை அனுப்பிக் கோட்டையை அடித்து, 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கில் போட்டது. அதிகாரியைத் தண்டிப்பார்கள், கொள்கையை விடமாட்டார்கள். இந்த நுணுக்கம் வந்திருந்தால் ஜாக்சன் வெறும் வில்லனாக இல்லாமல், இன்னும் பயமுறுத்துகிற ஆளாக ஆகியிருப்பார். கயத்தாற்றுக்கு இரண்டு மாதம் கழித்து, 1799 டிசம்பரில், தன் மாளிகைக் கட்டிலில் வாஷிங்டன் காலமானார்.

உடனே மேடைப் பேச்சாளர்கள் 'கட்டபொம்மன் நம் வாஷிங்டன்' என்று ஆரம்பிப்பார்கள். பூலித்தேவரையும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அழகாக இருக்கிறது, ஆனால் தப்பான ஒப்புமை. வாஷிங்டன் அந்த மண்ணில் குடியேறியவர். சட்டசபை, வக்கீல், பத்திரிகை எல்லாம் கையில் இருந்த வர்க்கம். அவர் பண்ணையில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள். 'எல்லோரும் சமம்' என்ற பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் தன் ஆயுளில் வைத்திருந்த அடிமைகள் 600-க்கும் மேல். இவர்களுடைய சண்டை, ராஜாவோடு பங்காளிச் சண்டை.

பூலித்தேவருக்கு ஜோடி தேட வேண்டுமானால் எதிர் பக்கம் பார்க்கவேண்டும். 1763-ல் பிரெஞ்சுக்காரர் கைவிட்டுப் போனபின் இனக்குழுக்களைச் சேர்த்து ஆங்கிலக் கோட்டைகளைத் தாக்கிய பாண்டியாக். பெயரில் பாண்டி இருக்கிறதே என்று குஷியாக வேண்டாம், அவர் ஒட்டாவா இனத் தலைவர். அடுத்த தலைமுறையில் டெகும்சே. ஷாவ்னி இனம். ஒரு இனம் தனியாக நிலத்தை விற்க உரிமை இல்லை, அது எல்லா இனத்துக்கும் பொது என்று சொல்லி, ஊர் ஊராக அலைந்து கூட்டணி கட்டினார். 1811-ல் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து டிப்பகானூவில் அடித்தார்கள். 1813-ல் போர்க்களத்தில் செத்தார். அடித்த ஜெனரல் ஹாரிசன், அந்த ஊர்ப் பெயரையே தேர்தல் கோஷமாக்கி 1841-ல் ஜனாதிபதி ஆனார்.

பூலித்தேவரின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 1759-ல் யூசுப்கான், அதாவது மருதநாயகம், களக்காட்டைத் திருவிதாங்கூருக்கு விட்டுக் கொடுத்து அந்த உறவைப் பிரித்தார். கூட்டணி ஓட்டையானது. 1761 ஜனவரியில் பிரெஞ்சுப் புதுச்சேரி விழுந்தது. அதே மே மாதம் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் விழுந்தன. புதுச்சேரி விழுந்ததும் இதுவும் தனித்தனிச் செய்தி இல்லை. அதற்குப் பிறகும் 1767-ல் கர்னல் காம்ப்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகை போட வேண்டியிருந்தது. பீரங்கி போட்ட ஓட்டையை உள்ளே இருந்தவர்கள் பனை ஓலையும் வைக்கோலும் வைத்து அடைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில் இருட்டோடு இருட்டாக வெளியேறிவிட்டார்கள்.

அமெரிக்க ஜாக்சன் இங்கே வருகிறார். 1830-ல் செவ்விந்தியர் வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். செரோக்கி மக்களுக்குச் சாதகமாக 1832-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பலிக்கவில்லை. 1838-ல் ராணுவம் அவர்களை வீட்டிலிருந்து கிளப்பி மேற்கே நடத்திக்கொண்டு போனது. வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இங்கும் பாருங்கள், நியாயம் காகிதத்தில் கிடைத்தது. இருபது டாலர் நோட்டை அனுப்புகிற மாப்பிள்ளைகளுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சேரவே சேராத துண்டுகள் இங்கே ஒருமுறை சேர்ந்தன. 1800-1801-ல். திண்டுக்கல் கோபால நாயக்கர், மருது சகோதரர்கள், ஊமைத்துரை. 1801 ஜூன் 16 தேதியிட்டு திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லா ஜாதிக்காரர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அறிக்கை. கே.ராஜய்யன் 1971-ல் எழுதிய ஆங்கிலப் புத்தகம் இதைத்தான் முதல் விடுதலைப் போர் என்கிறது. அவர் வாதத்தில் எனக்குச் சில இடங்களில் தயக்கம் உண்டு. பல பாளையக்காரர்கள் கும்பினி பக்கம் நின்றதை அவர் கொஞ்சம் வேகமாகக் கடந்து போகிறார். எட்டயபுரத்தை நாம் திட்டித் தீர்க்கிறோம், சரி. அமெரிக்காவிலும் கணிசமான குடியேறிகள் ராஜா பக்கம்தான் நின்றார்கள். ஜெயித்ததால் அவர்கள் ஊர் சரித்திரத்தில் அது அடிக்குறிப்பு. தோற்றதால் நம் சரித்திரத்தில் அதுவே தலைப்பு.

நமக்கு 1776 ஜூலை 4 தெரியும். 1801 ஜூன் 16 எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் போனதற்கு விலை இருக்கிறது. பூலித்தேவர் ஒரு ஜாதிக்கு, ஒண்டிவீரன் ஒரு ஜாதிக்கு, வெண்ணிக் காலாடி ஒரு ஜாதிக்கு என்று இன்று பங்கு போட்டாகிவிட்டது. குடல் சரிந்தபோதும் துணியால் கட்டிக்கொண்டு சண்டை போட்டார் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுகிற வெண்ணிக் காலாடியும், தளபதி ஒண்டிவீரனும் பூலித்தேவருடைய ஆட்கள். ஒரே கோட்டைச் சுவருக்குப் பின்னால் நின்றவர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாளையும், செப்டம்பர் 1 பூலித்தேவர் விழாவையும் ஒட்டி அங்கே தடை உத்தரவு போடுவது பழகிப்போன விஷயம். ஒன்றாகச் சண்டை போட்டவர்களுக்குத் தனித்தனியாக மாலை போட போலீஸ் பாதுகாப்பு.

இதைத் திரைப்படக்காரர்கள் யாராவது படித்தால் ஒரு யோசனை. அந்த ராமநாதபுரத்துக் காட்சியை மறுபடி எடுக்காதீர்கள், சிவாஜியை யாரும் தாண்ட முடியாது. குற்றாலத்தில் ஆரம்பியுங்கள். சாரல் விழுகிறது. கூடாரத்துக்குள் துரை இருக்கிறார். வெளியே குதிரைகள், ஆட்கள், நனைந்துகொண்டு ஒரு பாளையக்காரர். உள்ளேயிருந்து ஒரு துபாஷி வந்து, 'இன்னைக்குப் பார்க்க முடியாதாம்' என்று சொல்கிறார்.